ஆடவல்லான் என்னும் கல்

கெலமங்கலத்தில் நான் இருக்கும் தெருவின் அம்மனுக்குச் சமீபகாலம் வரை உற்சவ விக்ரகம் கிடையாது. கருவறையில் இருப்பது ஒரு கல். திருவிழாவுக்கு அவள் வெளியே வருவது கரகத்தில். பூவும் வேப்பிலையும் சுற்றிய ஒரு குடம். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இங்கே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்த பிறகு, அம்மனுக்கு ஐம்பொன்னில் ஒரு திருமேனி வேண்டும் என்று தீர்மானமாயிற்று. சுவாமிமலையில் வார்த்து, வைக்கோலில் பொதிந்து, வேனில் வந்து இறங்கியது. சாக்கைப் பிரித்ததும் கூடியிருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ நிக்கும்?" தெலுங்கில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர், தமிழில் ஒருவர். பாஷை மூன்று, கேள்வி ஒன்றுதான்.

நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு கலைப்பொருள் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வருகிறது. அதன் இடையின் வளைவையோ, பூப்பிடிக்கக் குவிந்த விரல்களையோ பார்க்கத் தோன்றாமல் தராசைத் தேடுகிறார்களே என்ற இளக்காரம். சிறுபத்திரிகைகளோடு கொஞ்ச காலம் பழகினாலே நம்மில் யாருக்கும் ஒட்டிக்கொண்டுவிடுகிற இளக்காரம் அது. ஆனால் அன்று இரவே அது உறுத்த ஆரம்பித்தது. இதே கேள்வியை வேறெங்கோ, மிகவும் மதிப்பான ஓர் இடத்தில், படித்த ஞாபகம். யோசித்ததில் இடம் பிடிபட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் முயற்சி.

*

செப்புத் திருமேனிகளைப் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் அநேகமாக அவற்றின் குறியீட்டைப் பற்றித்தான். நடராஜர் என்றால் உடுக்கை படைப்பு, அபயகரம் காப்பு, கையிலுள்ள தீ அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் அருள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து அணு விஞ்ஞானம் வரை இந்தப் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெனீவா அருகே துகள் ஆராய்ச்சி நடக்கும் செர்ன் நிறுவனத்தின் வளாகத்தில், இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த நடராஜர் 2004-லிருந்து நிற்கிறார். பிரபஞ்ச நடனம் என்று அங்கே விளக்கமும் இருக்கிறது.

இந்த வாசிப்பை உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஆனந்த குமாரசாமி. 1912-ல் 'சித்தாந்த தீபிகை'யில் வந்து, 1918-ல் நியூயார்க்கில் வெளியான 'சிவநடனம்' என்ற தொகுப்பின் தலைப்புக் கட்டுரையாகவும் ஆனது அது. ஐரோப்பியக் கண்ணுக்குப் பல கைகள் கொண்ட விகாரமாகத் தெரிந்ததைத் தரிசனமாகத் தெரியவைத்த கட்டுரை. அதன் கம்பீரம் இன்றும் குறையவில்லை. ஆனால் அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்ட தமிழ் நூல்களைக் கவனிக்கவேண்டும். ஐந்தொழிலையும் அங்கம் அங்கமாகப் பிரித்துச் சொல்லும் 'உண்மை விளக்கம்' திருவதிகை மனவாசகங்கடந்தார் எழுதியது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல். ஆடும் சிவன் செம்பில் நிலையான ஓர் உருவம் பெற்றதோ பத்தாம் நூற்றாண்டில். கண்டராதித்தனின் விதவை செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றி, அவற்றின் தெற்குச் சுவர் மாடத்தில் கூத்தனை நிறுத்திய காலம் அது. உருவத்துக்கும் உரைக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு வருஷம்.

உரை பொய் என்று நான் சொல்லவரவில்லை. பரிமேலழகர் உரை பொய்யா? ஆனால் பரிமேலழகரையே திருவள்ளுவர் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். வார்த்தவனின் கையில் மெழுகு இருந்தபோது அவன் மனத்தில் இருந்தது இந்தப் பட்டியல்தான் என்று நம்புவதற்கு நம்மிடம் ஆதாரமில்லை. அவனிடம் இருந்தது வேறொரு பட்டியல். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு வேடிக்கை. கவிதையைப் பற்றி எழுதும்போது நாம் 'படிமம்' என்கிறோம். எஸ்ரா பவுண்டின் கூட்டத்தார் லண்டனில் ஆரம்பித்துவைத்த கிளர்ச்சிக்குத் தமிழில் சொல் தேடியபோது அகப்பட்டது பிரதிமைக்கு உரிய பழைய சொல். சொல்லை எடுத்துக்கொண்டோம், அதற்குள் இருந்த செம்பை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் நம்முடைய விமரிசனத்தில் படிமம் என்றால் எதையோ 'குறிப்பது' என்று ஆகிவிட்டது. தூக்கிப் பார்த்தால் கனக்கவேண்டிய ஒன்று என்ற நினைப்பு போய்விட்டது. குமாரசாமி விஷயத்திலும் நாம் செய்தது இதேதான். 1908-ல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய புத்தகத்தில் கம்மாளர்களின் உலையையும் உளியையும் அளவுகளையும் கூலியையும் உட்கார்ந்து எழுதிவைத்தவரும் அவர்தான். அந்தக் குமாரசாமியை விட்டுவிட்டு 1918-ன் குமாரசாமியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

*

பெரிய கோயில் சுவருக்கு வருகிறேன். ராஜராஜன் தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவை கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். அப்படி வெட்டப்பட்டவற்றில் அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளின் விவரம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சொல்லப்படுவது என்ன? பாதத்திலிருந்து கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல். கைகள் இரண்டா, நாலா. கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலா. நிற்கும் பத்மம் எவ்வளவு உயரம், பீடம் எவ்வளவு நீளம் அகலம், சுற்றிவரும் பிரபையின் அளவு என்ன. யார் கொடுத்தது. சண்டேசுவரர் கதையைக் காட்டும் தொகுதியில் சிவனுக்கும் உமைக்கும் சண்டேசுவரருக்கும் தனித்தனியே அளவு. வெட்டுண்டு விழுந்துகிடக்கும் தகப்பனுக்கும் அளவு. ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் என்ற அதிகாரி நம்பி ஆரூரர், நங்கை பரவையார் முதலானவர்களின் திருமேனிகளைக் கொடுத்திருக்கிறான். அவற்றுக்கும் இதே கணக்கு.

இந்தத் திருமேனிப் பட்டியலில் தத்துவம் இல்லை. உடுக்கை எதைக் குறிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நகைகளின் பகுதிக்குப் போனால் இன்னும் நெருக்கம். முத்துக்களை வகை பிரித்து எண்ணியிருக்கிறார்கள். பழுதுபட்டதைப் பழுது என்றே சொல்லியிருக்கிறார்கள். கோத்த நூலும் உள்ளே வைத்த அரக்கும் நிறையில் சேர்ந்திருந்தால் அதையும் குறித்திருக்கிறார்கள்.

பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆடவல்லான். ரத்தினங்களை நிறுத்த கல்லுக்குத் தக்ஷிணமேரு விடங்கன் என்று பெயர். கோயில் நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர்.

கூத்தாடும் கடவுளின் பெயரை ஒரு எடைக்கல்லுக்கு வைப்பதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. நமக்குத்தான் சங்கடம். தரிசனம் ஒரு பக்கம், தராசு ஒரு பக்கம் என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். அவர்களுக்குக் குறைவில்லாமல் நிறுத்துக் கொடுப்பதற்கே கடவுளின் பெயர் வேண்டியிருந்தது. எங்கள் தெருக்காரர்கள் கேட்டது இந்த மரபிலிருந்து வந்த கேள்வி. அவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. கொடுத்தவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வார்த்தவர் பெயர் இல்லை. கணக்கின் கண்ணுக்கு அவர் தட்டுப்படவில்லை.

*

எங்கள் பகுதி செப்புத் திருமேனிகளின் நாடல்ல, நடுகற்களின் நாடு. ஆநிரை மீட்டுச் செத்தவனின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் வெட்டிய கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் முழுக்கக் கிடைத்திருக்கின்றன. காவிரிக்கரையின் நாகரிகம் இங்கே வரும்போதெல்லாம் ஏதோ காரணத்துக்காக இடம்பெயர்ந்துதான் வந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சள ராமநாதன் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்துக் கண்ணனூரை இழந்து, ஓசூருக்கு அருகே குந்தாணிக்கு வந்து அரசாண்டான். இப்போது தொழிலாளர்கள் வருகிறார்கள். ஆகவே விக்ரகத்தை இங்கே எல்லோரும் கொஞ்சம் அந்நியமாக, தெரியாத பொருளைப் பார்க்கிற கவனத்தோடு பார்த்தார்கள். அந்தக் கவனத்தில் எனக்கு லாபம் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வார்ப்பு வேலை செய்பவர். மெழுகு அச்சு வைத்து எஃகு பாகங்கள் வார்க்கும் பட்டறை. அவர் அம்மனைக் குனிந்து பார்த்தார். பீடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். "மெட்டல் இப்படித்தான் உள்ள போயிருக்கும்" என்றார். பிறகு, "டை எங்க வெச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

அவர் வேலை இப்படி. எஃகில் வெட்டிய ஒரு டைக்குள் உருக்கிய மெழுகை அழுத்திச் செலுத்துகிறார்கள். வெளிவரும் மெழுகுத் துண்டுகளை ஒரு மெழுகுத் தண்டில் கிளை கிளையாக ஒட்டுகிறார்கள். பட்டறையில் அதற்கு 'மரம்' என்று பெயர். அந்த மரத்தைப் பீங்கான் குழம்பில் முக்கி, மணல் தூவி, உலர்த்தி, மறுபடி முக்குகிறார்கள். ஓடு கெட்டியானதும் நீராவி அடுப்பில் மெழுகை ஓடவிட்டு, ஓட்டைச் சூளையில் சுட்டு, உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் ஓட்டை உடைக்கிறார்கள்.

சுவாமிமலையில் நடப்பதும் அதேதான். தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, தலை, உடல், கைகள், ஆயுதங்கள் என்று தனித்தனியே பிடித்து, சுட்ட இரும்பால் ஒட்டுகிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய முதல் பூச்சாகப் பூசுகிறார்கள். விரல்நகத்தின் கோடு வரை ஏந்திக்கொள்வது அந்தப் பூச்சுதான். பிறகு கனத்த மண், பெரிய வேலைக்கு இரும்புக் கம்பிக் கட்டு. வறட்டி நெருப்பில் மெழுகு ஓடிவிடுகிறது. அது இருந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது. மண்ணை உடைத்தபின் உளிவேலை. கடைசியில் கண் திறப்பு. எடையும் இங்கேதான் தொடங்குகிறது. மெழுகை நிறுத்து, அதற்கு இத்தனை மடங்கு உலோகம் என்று கணக்கிடவேண்டும். கல்யாணிச் சாளுக்கியன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த 'மானசோல்லாசம்' இந்தக் கணக்கை எழுதியே வைத்திருக்கிறது.

வித்தியாசம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்வியில் இருக்கிறது. டை கிடையாது. மெழுகு ஒன்று, மண் ஒன்று, இரண்டும் வேலை முடியும்போது இல்லாமல் போகின்றன. வார்ப்பு பிசகினால் திரும்ப மெழுகிலிருந்து தொடங்கவேண்டும். அவருக்கு இது விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் மறுபடி குனிந்து பார்த்தார். "அப்ப இது ஒண்ணுதானா?" என்றார். கலைவிமரிசனத்தில் இதைவிட நல்ல வாக்கியத்தை நான் அதிகம் படித்ததில்லை.

நகல் இல்லாமல் மரபு எப்படித் தொடர்ந்தது என்று கேட்கலாம். அங்கேதான் ஸ்தபதியின் பட்டியல் வருகிறது. செய்யவேண்டிய உருவத்தின் உயரத்துக்குத் தென்னோலைக் கீற்று ஒன்றை நறுக்கி, மடித்து மடித்து அளவுகளைக் குறித்துக்கொள்கிறார். தலைமயிர் எல்லையிலிருந்து மோவாய் வரை ஒரு தாளம். சிவன் போன்ற பெருந்தெய்வத்துக்கு உத்தம தசதாளம், மொத்தம் 124 அங்குலம். தேவிக்கு மத்திம தசதாளம், 120. இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலமல்ல. அந்த உருவத்தின் உயரத்தையே பங்கிட்டு வருவது. விரற்கடை உயரமானாலும் ஆள் உயரமானாலும் விகிதம் ஒன்று. யாப்பு மாதிரி. யாப்பு தெரிந்த எல்லோரும் கவிஞராவதில்லை என்பதும் இதற்குப் பொருந்தும். தாளக்கணக்கு சரியாக இருந்தும் உயிரில்லாத திருமேனிகள் எத்தனையோ. கணக்குக்குள் நின்றுகொண்டே தோளை ஒரு நெல்லளவு இறக்கி, இடுப்பை ஒரு நெல்லளவு தள்ளி, உடம்புக்குள் மூச்சு நிற்கிறது என்று தோன்றச் செய்தவனின் காரியம் வேறு. அது எந்த நூலிலும் இல்லை. அவன் கையில் இருந்து, அவனோடு போயிற்று.

'ஐம்பொன்' என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஷாரதா ஸ்ரீனிவாசன் முதலானவர்கள் சோழர் காலத் திருமேனிகளின் உலோகத்தை ஆய்ந்திருக்கிறார்கள். பெரும்பகுதி செம்பு, கூட வெள்ளீயமும் காரீயமும். பொன்னும் வெள்ளியும் இருந்தால் மிகச் சிறு அளவில்தான். காரீயம் சேர்ந்தால் உருகிய செம்பு இளகி ஓடும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். ஐந்து என்ற எண் குறியீட்டுக்காக வந்தது. காரீயம் வேலைக்காக வந்தது. வார்ப்பவனுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் எது இல்லாமல் சிலை நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

*

இந்தத் திருமேனிகள் நடப்பதற்காகச் செய்யப்பட்டவை. பீடத்தில் கழி செருகுவதற்கும் கட்டுவதற்குமான வளையங்களும் துளைகளும் அதனால்தான். அருங்காட்சியகத்தில் அவை அலங்காரம் போலத் தெரிகின்றன. கருவறையை விட்டு நகரமுடியாத கடவுள் தெருவுக்கு வருவதற்கான ஏற்பாடு அது. இதில் அதிகமாக உருகிவிடவும் வேண்டாம். எந்த வீதியில் போகும், எந்த வீதியில் திரும்பிவிடும் என்பதற்கும் கணக்கு இருந்தது. உள்ளே போக முடியாதவர்களைத் தேடி வெளியே வந்த தெய்வம் எல்லோருடைய தெருவுக்கும் வந்துவிடவில்லை.

வெளியே வரும்போது பட்டும் மாலையும் நகையும் போக முகம் மட்டும் தெரியும். சில சமயம் விரல்கள். முதுகின் பள்ளமும் தொடையின் திரட்சியும் பின்சடை விழும் விதமும் திருமஞ்சன வேளையில் அருகில் நிற்பவர்களுக்குத்தான். பின்பக்கத்தை அர்ச்சகர் மட்டுமே பார்ப்பார். அந்தப் பின்பக்கத்தையும் முன்பக்கத்துக்குச் சமமாக முடித்திருக்கிறார்கள். யாருக்காக என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பின்பக்கம் முடியாவிட்டால் கணக்கு முடியாது என்பது ஒரு பதிலாக இருக்கலாம்.

இன்னொரு முரண். ஆயிரம் வருஷம் பூஜை நடந்த திருமேனியில் எண்ணெயும் திருமஞ்சனமும் புளிபோட்டுத் துலக்குவதும் சேர்ந்து மூக்கையும் உதட்டையும் கரைத்துவிடும். கண்ணை மறுபடி கீறவேண்டிவரும். நாம் 'ஆஹா' என்று நிற்பவை பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்தவை. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் 1011-ல் எழுந்தருளச் செய்யப்பட்டவர். காளையின் மேல் சாய்த்த கை, காளையைக் காணோம். கைக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் காளை நிற்கிறது. புதைந்து கிடந்ததால் அந்த முகம் நமக்கு முழுசாகக் கிடைத்தது. வழிபாடு தேய்த்தது, மறதி காப்பாற்றியது. இதில் எது நல்ல கதி என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ரோதானைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி அவர் 1913-ல் பரவசமாக எழுதினார், 1921-ல் அச்சாயிற்று. அவர் பார்த்தது புகைப்படங்களைத்தான். ஆனாலும் அவருடைய கண் உடம்பின் மேல், ஒளி விழும் தோலின் மேல் நின்றது. குறியீட்டின் மேல் அல்ல. சிற்பியின் கண். அவருடைய சொந்த வேலைகளோ அச்சிலிருந்து பல பிரதிகள் வார்க்கப்படுபவை. பன்னிரண்டு வரை 'மூலம்' என்றே கணக்கு, பிரெஞ்சு வழக்கப்படி. மூலம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்ற உலகத்துக்கும், ஒன்றுதான் இருக்கமுடியும் என்ற உலகத்துக்கும் நடுவில்தான் அடுத்த கதை நடக்கிறது.

*

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951-ல் நிலத்திலிருந்து சில திருமேனிகள் கிடைத்தன. நடராஜர் அவற்றில் ஒன்று. கோயிலுக்குக் கொடுக்கப்பட்டன. 1954-ல் பழுது பார்ப்பதற்காக அவை வெளியே போயின. திரும்பி வந்தது நகல். மூலம் பம்பாய் வழியாக அமெரிக்கா போய், 1973-ல் நார்ட்டன் சைமனின் ஸ்தாபனத்துக்கு ஒன்பது லட்சம் டாலருக்கு விற்பனையாயிற்று. வழக்கு, சமரசம், 1986-ல் இந்தியா திரும்பியது.

இடைப்பட்ட காலத்தில் கோயிலில் நகலுக்குத் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. மாறிவிட்டது என்று முதலில் எழுத்தில் சொன்னவர் ஊர்க்காரர் அல்ல, இலாகா அல்ல, தமிழில் நடராஜ தத்துவம் எழுதிக்கொண்டிருந்த எவரும் அல்ல. பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். 1965-ல், ஆரம்பகாலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றிய புத்தகத்தில்.

இந்த விஷயத்தை நாம் சரியாக யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். நகலில் எந்தக் குறியீடு குறைந்தது? உடுக்கை இருந்தது, தீ இருந்தது, தூக்கிய திருவடி இருந்தது, முயலகன் இருந்தான். ஐந்தொழிலும் குறைவில்லாமல் நடந்தன. பொருள் முழுதாக இருந்தது. பொருள் போய்விட்டது. தமிழில் இந்த ஒரே சொல் அர்த்தத்தையும் வஸ்துவையும் குறிக்கிறது. நாம் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குறியீட்டை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு மூலமும் நகலும் ஒன்றே. அந்தக் கண் திருடனுக்குச் சௌகரியமானது.

வழிபட்டவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கைகூப்பியது உலோகத்தை அல்ல. சடங்கின்படி பிரதிஷ்டை ஆனதில் அவர்களுக்குக் கடவுள் இருந்தார். குற்றம் நம்முடையது. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், எழுதத் தெரிந்தவர்கள் நாம். ராஜராஜனின் எழுத்தன் செய்த வேலையை, இத்தனை விரல் உயரம், இத்தனை கை, கனமானது, பீடத்தில் இன்ன இடத்தில் இன்ன பழுது என்று எழுதிவைக்கிற வேலையை, கீழானது என்று விட்டுவிட்டோம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானின் நடராஜர் 2006-ல் திருடுபோய், 2008-ல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டபோது, இது எங்களுடையது என்று காட்ட உதவியவை பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-களில் எடுத்துவைத்திருந்த புகைப்படங்கள். ஏதோ ஒரு நாள் யாரோ ஒருவர் அந்தச் சிறிய கோயிலுக்குப் போய், விளக்குப் பிடித்து, படம் எடுத்து, ஊர்ப் பெயரை எழுதி, அலமாரியில் வைத்தார். 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். விற்பனையின் பின்னாலிருந்த வியாபாரிக்கு 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் தண்டனை விதித்தது. அந்தப் புகைப்படத்தில் தத்துவம் எதுவும் இல்லை.

திருட்டுக்குப் பயந்து இன்று ஆயிரக்கணக்கான திருமேனிகள் திருவாரூர் போன்ற பாதுகாப்பு மையங்களில் பூட்டிக் கிடக்கின்றன. நடப்பதற்காகச் செய்யப்பட்டவை. இதற்கு எந்தக் குறியீட்டு விளக்கம் சொல்வது?

*

எடை என்று சொன்னாலே எல்லா எடையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2023-ல் டில்லியில் ஜி-20 மாநாட்டு மண்டபத்தின் முன்னால் 27 அடி உயர நடராஜர் நிறுத்தப்பட்டார். வார்த்தவர்கள் சுவாமிமலை ஸ்தபதிகள், எட்டு உலோகம், 18 டன். இந்த 18 டன்னை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதை அத்தனை பெரிதாக மெழுகில் பிடித்து மண்ணில் வார்த்த கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே எடை பிரமிப்புக்காகச் சொல்லப்பட்டது. தஞ்சைச் சுவரில் எடை பொறுப்புக்காகச் சொல்லப்பட்டது. நாளைக்கு எவனும் வந்து அளந்து, குறைந்தால் கேட்கலாம் என்பதற்காக. ஆடவல்லான் என்ற கல் அரசனையும் சேர்த்தே நிறுத்தது.

எங்கள் தெருவில் கேட்டது இந்த இரண்டில் எது? இரண்டும் கலந்திருக்கலாம். பக்கத்துத் தெருவின் சாமியைவிட நம்முடையது கனமா என்ற ஆசையும் உண்டுதான். ஆனால் வசூல் கொடுத்தவர்களின் கேள்வி அது என்பதை மறக்கக்கூடாது. தறியிலும் தோட்டத்திலும் ஷிப்டிலும் சம்பாதித்த காசு செம்பாக வந்திருக்கிறதா என்று அவர்கள் கேட்டார்கள்.

கரகம் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை இருந்தது. குடத்துக்கு எடை கிடையாது. திருவிழா முடிந்தால் பூவும் வேப்பிலையும் ஆற்றிலோ கிணற்றிலோ. திருட ஒன்றுமில்லை, எழுதிவைக்கவும் ஒன்றுமில்லை. மெழுகைப் போல வருஷா வருஷம் கரைந்து, வருஷா வருஷம் புதிதாகக் கட்டப்படும் தெய்வம் அது. ஐம்பொன் வந்ததும் அதற்கு மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்தேன். கரகம் எடுக்கும் பெரியவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அவ பின்னால வரட்டும், கரகம் முன்னால போகும்." அப்படியே நடந்தது.

மறுநாள் கமிட்டித் தலைவரிடம் கேட்டு, அம்மனைத் துணி களைந்த நிலையில் அளக்க அனுமதி வாங்கினேன். வார்ப்பு வேலைக்காரர் அளவுநாடாவைப் பிடித்தார். பாதத்திலிருந்து கேசம் வரை, பத்மம், பீடம், பிரபை. கைகள் இரண்டு. கனமானது. பீடத்தின் இடது மூலையில் உளி நழுவிய ஒரு சிறு கீறல், அதையும் எழுதிக்கொண்டோம். வார்த்த ஸ்தபதியின் பெயரைக் கேட்டு வாங்கி முதல் வரியில் போட்டோம். நோட்டு கோயில் பீரோவில் இருக்கிறது. அதில் நாலு படம் ஒட்டியிருக்கிறது; ஒன்று பின்பக்கம் எடுத்தது.